ஒரு கட்டுரைக்கு எத்தனை முகம்?

ஆய்விதழ்களின் மின்களஞ்சியம் ஒன்றில் ‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களைத் தட்டித் தேடினால், கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் பெரும்பாலும் அகப்படாது. இந்தத் துறையின் வேர்களில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கட்டுரை அது. ஜே ஃபாரஸ்டர் 1958-ல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதியது.

ஃபாரஸ்டர் மின்பொறியாளர். எம்.ஐ.டி.யில் ‘வேர்ல்விண்ட்’ என்ற கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 1956-ல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் ஒரு புதிரை அவர் முன் வைத்தார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களுடைய வீட்டுச் சாதன ஆலைகளில் சில காலம் மூன்று, நான்கு ஷிஃப்ட் வேலை நடக்கும். சில ஆண்டுகளில் பாதித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சந்தையின் ஏற்ற இறக்கம் என்று காரணம் சொல்லிப் பார்த்தார்கள், முழுதாகப் பொருந்தவில்லை. ஃபாரஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கட்டம் போட்டார். இந்த வாரம் இருப்பு இவ்வளவு, ஆர்டர் இவ்வளவு, ஆள் இவ்வளவு. ஆகவே அடுத்த வாரம் என்ன முடிவெடுப்பார்கள்? இப்படி வாரம் வாரமாக நகர்த்திக்கொண்டே போனார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும் உள்ளே அலை எழுந்தது. முடிவெடுக்கும் விதமும் தாமதமுமே ஆலையை ஆட்டிவைத்தன.

இன்று அது விநியோகச் சங்கிலி ஆய்வுதான். ஆனால் 1958-ல் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. கீத் ஓலிவர் என்ற மேலாண்மை ஆலோசகர் 1982-ல் லண்டன் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நாளிதழில் அந்தத் தொடரைப் பயன்படுத்திய பிறகே அது ஊர் அறிந்த பெயரானது. அதற்கு முன்பு கொள்முதல் ஒரு பக்கம், சரக்குப் போக்குவரத்து ஒரு பக்கம், கிடங்கு ஒரு பக்கம் என்று தனித்தனிக் குடும்பங்களாக இருந்தன. ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் செய்தால் செலவு குறையும் என்ற சூத்திரத்தை ஃபோர்ட் ஹாரிஸ் 1913-லேயே எழுதிவிட்டார். இவை அனைத்தும் பின்னாளில் ஒரு கூரையின் கீழ் வந்தன. கூரைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறந்த பிள்ளைகளைப் பெயரை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்?

ஒரு துறையில் இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, வகைப்படுத்தி, எடைபோடும் வேலையை மீளாய்வு என்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயமாக ஒப்புக்கு எழுதி வைக்கும் சமாச்சாரம் என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்கு வருத்தம் தருவது. மீளாய்வும் ஓர் ஆய்வு. அதற்கும் தரவு உண்டு, அளவுகோல் உண்டு, பிழை உண்டு. அந்தப் பிழைக்கு விலையும் உண்டு.

விலை எவ்வளவு என்பதை மருத்துவம் கற்றுக்கொண்டது. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், பிறக்கும் குழந்தையின் நுரையீரல் தேறிவிடும். இதைக் காட்டிய முதல் சோதனை 1972-ல் வெளியானது. பின்னர் வேறு சோதனைகளும் நடந்தன. தனித்தனியாகப் பார்த்தால் சிலவற்றின் விடை தெளிவாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தபோது ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் முறையாகச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு 1989-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் பலர் இறந்துபோனார்கள். சேர்த்துப் பார்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதன் விலை அது. இத்தகைய மருத்துவ மீளாய்வுகளுக்காக 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு அந்தச் சோதனைகளில் ஏழின் முடிவுகளைக் கோடுகளாக வரைந்து, அதையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

இந்த முறையை மேலாண்மைத் துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று டேவிட் டிரான்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தக் களஞ்சியத்தில், எந்தச் சொல்லால் தேடினோம், எத்தனை கிடைத்தன, எவற்றை எதற்காகத் தள்ளினோம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வேறொருவர் அதே வழியில் நடந்தால் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது சாரம். மருத்துவத்துக்கும் மேலாண்மைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை. மாத்திரை எங்கே விழுங்கினாலும் அதே மாத்திரை. ‘விற்பவரோடு தகவலைப் பகிர்ந்துகொள்’ என்ற அறிவுரை கார் தொழிற்சாலையில் ஒன்றாகவும் காய்கறிச் சந்தையில் வேறாகவும் ஆகிவிடும். எனவே மேலாண்மை ஆய்வுகளின் முடிவுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பது பல சமயம் அர்த்தமற்றது. முதலில் வகை பிரித்தாக வேண்டும்.

வகை பிரிக்கும் முன்பு திரட்ட வேண்டுமே. எங்கே தேடுவது?

லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பிராட்ஃபோர்ட் 1934-ல் ஓர் எண்ணிக்கையை வெளியிட்டார். பயன்பாட்டுப் புவி இயற்பியல் பற்றி 326 இதழ்களில் வந்திருந்த 1,332 கட்டுரைகளை அவர் எண்ணினார். முதல் 9 இதழ்களில் மட்டும் 429 கட்டுரைகள். அடுத்த 59 இதழ்களில் 499. எஞ்சிய 258 இதழ்களில் 404. ஒரு துறையின் கட்டுரைகள் சில இதழ்களில் அடர்ந்தும் ஏராளமான இதழ்களில் சிதறியும் கிடக்கும் என்ற இந்த ஒழுங்குக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. மீளாய்வு செய்பவருக்கு இது ஆசை காட்டும் எண்ணிக்கையும்தான். ஒன்பது இதழ்களை மட்டும் புரட்டினால் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடுகிறதே!

விநியோகச் சங்கிலி ஆய்வுகளை மீளாய்வு செய்த பலரும் அந்த ஆசைக்கு ஆட்பட்டவர்கள். 1997 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளை லாரி ஜியூனிபெரோவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தபோது, ஒன்பது இதழ்களிலிருந்து 405 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். எந்தெந்த இதழ் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால் அதில் குற்றமில்லை. ஆனால் பிராட்ஃபோர்டின் மூன்றாவது வளையத்தை, அந்த 258 இதழ்களை, நான் மறக்க முடியாமல் நினைத்துக்கொள்கிறேன். விவசாயப் பொருளாதாரம், பொதுச் சுகாதாரம், தொழிலாளர் நலம் என்று வேறு பெயர்ப்பலகை மாட்டிய இதழ்களில் உட்கார்ந்திருக்கும் விநியோகச் சங்கிலிக் கட்டுரைகள் அங்கேதான் இருக்கும். அவை முதல் வளையத்து இதழ்களைப் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

சொல்லால் தேடிக் கிடைக்காததை மேற்கோளால் தேடலாம். ஒரு கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும். அதை யார் பின்னால் சுட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் முன்னோக்கிப் போகலாம். இந்த இரண்டாவது வழியை எல்லோருக்கும் திறந்துவிட ஓர் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அடுத்த பத்தாண்டிலேயே அப்படியோர் அட்டவணையையும் வெளியிட்டுக் காட்டினார். ஃபாரஸ்டர் அகப்படுவது இந்த வழியில்தான். பெயர் தெரியாத தாத்தாவைப் பேரன் பேத்திகளை விசாரித்துக் கண்டுபிடிப்பது போல.

சரி, கட்டுரைகள் வந்து சேர்ந்துவிட்டன. இப்போது எந்த அலமாரியில் எதை வைப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் ஏற்றுக்கொண்ட பதில்களில் ஒன்று சென்னையில் பிறந்தது.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல் அவரை நூலகராக நியமித்து, பயிற்சிக்கு லண்டன் அனுப்பியது. அப்போது பரவலாக இருந்தது மெல்வில் டூயியின் தசமப் பகுப்பு. அறிவு முழுவதையும் மேலிருந்து கீழாகக் கிளை பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது அது. ரங்கநாதனுக்கு அதில் நிறைவில்லை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், திருகு, மரை. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், பாரந்தூக்கி எல்லாம் வருகின்றன. அறிவையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு, ஒரு நூல் கைக்கு வரும்போது அதற்கு வேண்டிய துண்டுகளைப் பூட்டினால் என்ன? 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறையின் கரு இதுதான். பின்னாளில் அவர் எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார்: எதைப் பற்றியது என்ற தனித்தன்மை, அதன் பொருள் அல்லது பண்பு, அதில் நடக்கும் செயல் அல்லது ஆற்றல், இடம், காலம்.

மேலாண்மை மீளாய்வு எழுதியவர்கள் ரங்கநாதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை என்றாலும், அவர்கள் போடும் அட்டவணையில் அவருடைய மெக்கானோ தெரிகிறது. சைமன் க்ரூமும் இரண்டு சகாக்களும் 2000-ல் போட்ட சட்டகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம், ஆய்வு எந்த அளவில் நிற்கிறது? வாங்குபவர்-விற்பவர் என்ற ஒரு ஜோடியா, நீண்ட சங்கிலியா, பின்னிக் கிடக்கும் வலையா? இன்னொரு பக்கம், அவர்களிடையே கைமாறுவது எது? சொத்தா, தகவலா, அறிவா, உறவா? மூன்றும் நான்கும் பெருக்கப் பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டுரையை ஏதோ ஓர் அலமாரியில் சொருகிவிடாமல், இரண்டு கேள்விகள் கேட்டு அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறோம்.

முகங்களாகப் பிரிப்பதால் என்ன லாபம்? ஃபாரஸ்டர் தொடங்கிய அதே கதையைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும்.

சாட்டையைக் கைப்பிடியில் லேசாக அசைத்தால் நுனி பெரிதாகச் சுழலும். கடையில் விற்பனை சற்றே கூடினால் மொத்த வியாபாரியின் ஆர்டர் அதைவிடக் கூடும். ஆலைக்குப் போகும்போது இன்னும் பெரிதாகும். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். ஃபாரஸ்டரின் கணித மாதிரியில், கடை விற்பனை 10 சதவீதம் கூடினால் ஆலை உற்பத்தி அதைப்போல் சில மடங்கு துள்ளியது. எம்.ஐ.டி.யில் இதை ஒரு விளையாட்டாக்கினார்கள். கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர் பீர் பெட்டிகளுக்கு ஆர்டர் போடுவார்கள். வாடிக்கையாளர் கேட்பது வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து 8 பெட்டி. பிறகு மாறுவதே இல்லை. இந்த ஒரே ஒரு படிக்கு ஆடிய ஆட்டத்தில் குழுக்களின் செலவு, மிகச் சிறந்த ஆட்டத்துக்கு ஆகக்கூடிய செலவைப்போல் சராசரியாகப் பத்து மடங்கு ஆனது என்று ஜான் ஸ்டெர்மன் 1989-ல் எழுதினார். அனுப்பச் சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராத சரக்கை மனிதர்கள் கணக்கில் எடுக்கத் தவறுகிறார்கள் என்பது அவருடைய விளக்கம்.

1997-ல் ஹௌ லீ, பத்மநாபன், ஸுங்ஜின் வாங் மூவரும் வேறொன்று சொன்னார்கள். யாரும் தவறு செய்ய வேண்டியதே இல்லை; ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாலே போதும், சாட்டை சுழலும். வந்த ஆர்டரை வைத்து எதிர்காலத்தை ஊகிப்பது, லாரி நிறையட்டும் என்று மொத்தமாக ஆர்டர் போடுவது, தள்ளுபடி வரும்போது வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாட்டில் பங்கு குறையும் என்று பயந்து கூட்டிக் கேட்பது என நான்கு காரணங்கள் காட்டினார்கள். ப்ராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் பாம்பர்ஸ் டயப்பர் அவர்கள் தந்த உதாரணம். குழந்தைகள் டயப்பரை நனைப்பது நாள்தோறும் ஒரே சீராகத்தான். ஆனாலும் ஆர்டர்கள் ஆடின.

இதுவரை எல்லாம் ஒரே திசை. 2007-ல் ஜெரார்ட் காஷோனும் சகாக்கள் இருவரும் அமெரிக்க அரசின் தொழில்வாரிப் புள்ளிவிவரங்களைத் தோண்டினார்கள். மொத்த வணிகத்தில் சாட்டை தெரிந்தது. சில்லறை வணிகத்தில் பொதுவாகத் தெரியவில்லை. உற்பத்தித் தொழில்களிலும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பருவத்துக்குப் பருவம் விற்பனை பெரிதாக மாறும் தொழில்கள் ஏற்ற இறக்கத்தைக் கூட்டாமல் மட்டுப்படுத்தின. கிறிஸ்துமஸுக்கு விற்கும் பொருளை முன்னதாகவே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வைப்பது போல. அப்படியானால் நாற்பது ஐம்பது வருடங்களாகச் சொல்லி வந்தது பொய்யா? 2012-ல் ராபர்ட் பிரேயும் ஹைம் மெண்டல்சனும் 4,689 அமெரிக்க நிறுவனங்களின் 1974 முதல் 2008 வரையிலான கணக்கைப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களில் சாட்டை விளைவு இருந்தது.

‘சாட்டை விளைவு’ என்று ஒரே அட்டைப்பெட்டியில் இத்தனையையும் போட்டால், ஆதரித்தவை இத்தனை, மறுத்தவை இத்தனை என்று வாக்கு எண்ணலாம். அதற்கு மேல் ஒன்றும் விளங்காது. முகங்களாகப் பிரியுங்கள். ஃபாரஸ்டருடையது கணக்கு மாதிரி. ஸ்டெர்மனுடையது மனிதர்களை வைத்துச் செய்த சோதனை. லீ குழுவினருடையது தர்க்க நிறுவல். காஷோனுடையது உண்மைத் தரவு, அலகு ஒரு தொழில் முழுவதும், காலத்துண்டு மாதம். பிரேயுடையதும் உண்மைத் தரவு, ஆனால் அலகு ஒரு நிறுவனம், காலத்துண்டு காலாண்டு. ஒரு நிறுவனம் கூட்டிக் கேட்கும் மாதத்தில் இன்னொன்று குறைத்துக் கேட்டால், தொழில் முழுவதையும் கூட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு அலை தணிந்துதானே தெரியும்? முரண் என்று தோன்றியதில் பெரும்பங்கு, அளந்த கோலின் நீளம். வகைப்படுத்தலின் ஐந்தாறு பத்திகளை எழுதிப் பார்க்காமல் இது புலப்படாது.

ஆனால் பத்திகளை நிரப்புவது மனிதர். ஒரு கட்டுரையை நீங்கள் ‘உறவு’ என்று குறித்தால் நான் ‘தகவல்’ என்று குறிக்கலாம். ஆகவே நல்ல மீளாய்வில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கலக்காமல் படித்துக் குறிப்பார்கள். பிறகு எத்தனை ஒத்துப்போயின என்று எண்ணுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 100 கட்டுரைகள். ‘இது வாங்குபவர்-விற்பவர் உறவைப் பேசுகிறதா?’ என்ற கேள்விக்கு இருவருமே 90 கட்டுரைகளுக்கு ‘ஆம்’ போடுகிறார்கள். 81 கட்டுரைகளில் இருவரும் ஆம். ஒன்றில் இருவரும் இல்லை. மற்ற 18-ல் வேறுபாடு. ஒத்துப்போனவை 82. நல்ல மதிப்பெண் என்று தோன்றுகிறதா? இருவரும் கட்டுரையைப் பிரிக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது ‘ஆம்’ போட்டிருந்தாலும், தற்செயலாக ஒத்துப்போகும் எண்ணிக்கை 82 தான் (100-ல் 81-ம் 1-ம்). அவர்கள் படித்ததற்கு அடையாளமே அந்த எண்ணில் இல்லை. உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 1960-ல் இதற்கு ஓர் அளவு தந்தார். காப்பா என்று பெயர். கிடைத்த ஒப்புதலிலிருந்து தற்செயல் ஒப்புதலைக் கழித்து, மீதமிருக்கக்கூடிய அதிகபட்சத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் காப்பா பூஜ்யம். 82-க்குப் பதில் 90 கட்டுரைகளில் ஒத்துப்போயிருந்தால் 18-ல் 8 பங்கு, அதாவது 0.44. வெறும் சதவீதத்தைப் பெருமையாக அச்சிட்டிருக்கும் மீளாய்வைக் கண்டால் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த பதில், ஸ்டெஃபான் சாய்ரிங்கும் மார்ட்டின் முல்லரும் 2008-ல் வெளியிட்ட மீளாய்வில் இருக்கிறது. 1994 முதல் 2007 வரை, நீடித்த வளர்ச்சியை விநியோகச் சங்கிலியோடு சேர்த்துப் பேசிய 191 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். எதைப் பற்றியது என்று மூன்றாகப் பிரித்தார்கள். சுற்றுச்சூழல் 140. சுற்றுச்சூழல், மனிதர் இரண்டையும் இணைத்துப் பேசியவை 31. மனிதரை, அதாவது தொழிலாளரின் கூலியை, பாதுகாப்பை, சமூக நிலையை மட்டும் பேசியவை 20.

தனித்தனியாக அந்த 191 கட்டுரைகளையும் படித்தவருக்கு இது தெரிந்திருக்காது. ஒவ்வொன்றும் நல்ல கட்டுரையாக, முழுமையானதாகவே தோன்றியிருக்கும். கட்டம் போட்டு அடுக்கியபோதுதான், ஒரு கட்டம் ஏறக்குறைய காலியாகக் கிடப்பது தெரிந்தது. புகை, கழிவு, மறுசுழற்சி பற்றி இவ்வளவு எழுதிய அறிஞர் கூட்டம், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொற்பமாகவே எழுதியிருந்தது. ஐந்து வருடம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. மேல்நாட்டு ஆடை நிறுவனங்களுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூடுதலாக இருபது கட்டுரைகள் வந்திருந்தால் அந்தக் கட்டடம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் உள்ளே அனுப்பியவர்கள் ஆய்விதழ் படிப்பவர்கள் அல்லர். ஆனால் தன் சங்கிலியின் எந்தக் கண்ணியை ஒரு துறை பார்க்காமல் விட்டிருந்தது என்பது முன்கூட்டியே ஓர் அட்டவணையில் எண்ணாக அச்சாகியிருந்தது.

இப்போது கட்டுரைகளை இயந்திரத்திடமே கொடுத்துவிடுகிறார்கள். டேவிட் ப்ளே, ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் மூவரும் 2003-ல் வெளியிட்ட ஒரு முறை, எந்தச் சொற்கள் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்று பார்த்து, பல்லாயிரம் கட்டுரைகளைத் தலைப்புக் கொத்துகளாகப் பிரித்துவிடும். ஒரு மனித ஆயுளில் படிக்க முடியாததை ஒரு மாலைக்குள் அடுக்கித் தருவது சாதாரணமல்ல, மறுக்க மாட்டேன். ஆனால் அது உள்ளே இருக்கும் சொற்களைத்தான் அடுக்கும். ஒருவரும் எழுதாததற்குக் கொத்து கிடையாது. காலிக் கட்டம் தெரிய வேண்டுமானால், கட்டுரை வருவதற்கு முன்பே யாரோ கட்டத்தை வரைந்திருக்க வேண்டும்.

ரங்கநாதனின் முறையில் நான் மிகவும் நேசிக்கும் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒரு வரிசையில் வகைகளுக்கு எண் கொடுக்கும்போது 1 முதல் 8 வரைதான் அவர் பயன்படுத்துவார். 9-க்குத் தனியாக எந்தப் பொருளையும் ஒதுக்க மாட்டார். எட்டு இடமும் நிரம்பிய பிறகு புதிதாக ஒரு வகை வந்தால் 91, 92 என்று எண் கொடுத்து, பழைய வரிசையிலேயே சரிசமமாக உட்கார வைக்கலாம். அவர் 1972-ல் பெங்களூரில் காலமானார். ‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்ற பெயர் நாளிதழில் வர இன்னும் பத்து வருடம் இருந்தது.

மீளாய்வு அட்டவணைகளின் கடைசியில் ‘இதர’ என்று ஒரு பத்தி இருக்கும். எந்த முகத்திலும் அடங்காத நான்கைந்து கட்டுரைகள் அதில் கிடக்கும். புதிய மீளாய்வு ஒன்று கைக்கு வந்தால், நான் முதலில் திறந்து படிப்பது அந்தப் பத்தியைத்தான்.